லூனா: ஒளியின் பெயர் வசைச்சொல் ஆனது எப்படி?

தேவநற்கருணை ஆசீர்வாதத்தின்போது குருவானவர் உயர்த்திக் காட்டும் கதிர்ப்பாத்திரத்தை அறியாத பங்குக் குடும்பம் இராது. அதன் நடுவே, கண்ணாடிக்குப் பின்னால், திருவப்பத்தைத் தாங்கி நிற்கிற சிறு பிடி ஒன்று உண்டு. அதற்கென ஒரு பெயர் இருப்பதைப் பீடச் சிறுவர்களில்கூடச் சிலரே அறிவர். லத்தீனில் அதனை 'லூனுலா' என்பார்கள். குட்டி நிலா என்று பொருள். அந்தப் பிடியைப் பிறையின் வடிவாகச் செய்தமையால் வந்த பெயர் அது. சுற்றிலும் சூரியனைப்போல் பொற்கதிர்கள். நடுவிலே ஒரு பிறை. அந்தப் பிறையின் மடியில் ஆண்டவர். நம் விரல் நகத்தின் அடியில் வெளுப்பாக ஓர் அரைவட்டம் தெரிகிறதே, அதற்கும் வைத்திய நூலார் இட்ட பெயர் லூனுலாதான்.

இந்தக் குட்டி நிலாவுக்குத் தாய்ச்சொல் 'லூனா'. நிலா என்று பொருள். அதே தாய் வயிற்றில் பிறந்த இன்னொரு பிள்ளைதான் 'லூனடிக்', அதாவது பைத்தியக்காரன். ஒரு பிள்ளை பீடத்தில் ஏறியிருக்க, மற்றொரு பிள்ளை தெருவில் கல்லடி படுகிறது. இதற்கு யார் பொறுப்பு? நிலாவா, சொல்லா, அதைச் சொல்லும் வாயா? அகராதி புரட்டுவோருக்கு மட்டும் உரிய கேள்வி என்று இதை ஒதுக்கிவிடலாகாது. நோயாளியை அவனுடைய நோயின் பெயராலே கூப்பிடலாமா என்னும் கேள்வி இதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. அப்படிக் கூப்பிடாத வீடு நம் தெருக்களில் எத்தனை?

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். லூனா என்பதன் பழைய வடிவம் 'லோஸ்னா'. ரோமாபுரிக்குக் கிழக்கேயுள்ள பிரேனெஸ்தே என்னும் ஊரில் கிடைத்த ஒரு பழங்காலக் கண்ணாடியில் நிலாத் தேவதையின் பெயர் அவ்விதமே பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் வேருக்கு 'ஒளிர்தல்' என்று பொருள். வெளிச்சத்தைக் குறிக்கும் 'லுக்ஸ்', 'லூமென்' என்னும் லத்தீன் சொற்களும் அதே வேரில் முளைத்தவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ம் ஆண்டில் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டுக்கு 'லூமென் ஜென்சியும்', அதாவது மக்களினங்களின் ஒளி, என்று பெயர். அந்த லூமெனும் இந்த லூனாவும் அக்காள் தங்கைகள்.

இந்தக் குடும்பம் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. 'ரோஷன்' என்று பாரசீகத்திலும் உருதுவிலும் ஒளியைச் சொல்கிறார்களே, அது லூனாவோடு கூடப்பிறந்த சொல். ரோஷினி என்று பெண்ணுக்குப் பெயரிடுகிற தாய், தன்னை அறியாமலே லூனா என்று கூப்பிடுகிறாள். வடமொழியில் 'ருசி' என்பதற்கு முதற்பொருள் ஒளி, பின்னர் விருப்பம், அதன் பிறகே நாம் அறிந்த நாக்கின் ருசி. 'லோகம்' என்னும் சொல்லும் இந்த வேரையே சேர்ந்தது. அடர்ந்த காட்டின் நடுவே வெளிச்சம் விழும் திறந்த வெளியே அதன் பழம்பொருள் என்பர் மொழிநூலார். ஆக, வெளிச்சம் விழும் இடமே உலகம். சொற்களின் வேரைத் தோண்டுகிறவனுக்குச் சில சமயம் இப்படிப் புதையல் கிடைத்துவிடும்.

சந்திரன் என்னும் சொல்லும் லத்தீனுக்கு உறவே. 'சந்த்' என்னும் வடமொழி வேருக்கும், பிரகாசிப்பதைக் குறிக்கும் லத்தீன் 'கந்தேரெ' என்னும் வினைக்கும் மூலம் ஒன்று. அதிலிருந்து வந்ததுதான் 'கந்தேலா', மெழுகுதிரி. மாதா கெபியில் நாம் ஏற்றி வைக்கும் மெழுகுதிரியும் வானத்துச் சந்திரனும் பெயரளவில் ஒரே வீட்டார்.

நிலாவுக்குப் பெயரிட்டவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒரு சாரார் அதன் ஒளியைப் பார்த்தார்கள். லூனா, சந்திரன் என்றார்கள். மற்றொரு சாரார் அதைக்கொண்டு நாளை எண்ணினார்கள். ஆங்கிலத்தார் சொல்லும் 'மூன்', லத்தீனில் மாதத்தைக் குறிக்கும் 'மென்சிஸ்', வடமொழி 'மாஸம்', அதன் வழி நம் 'மாதம்' எல்லாம் அளத்தல் என்னும் கருத்தைச் சேர்ந்தவை. தமிழின் 'திங்கள்' நிலாவுமாகும், மாதமுமாகும். ரோமர்கள் வாரத்தின் ஒரு நாளை 'லூனாவின் நாள்' என்றனர். நாமும் திங்கட்கிழமை என்கிறோம். கிரகங்களின் பெயரால் நாளைக் குறிப்பது திருச்சபைக்கு உவப்பாயில்லை. ஆகவே லத்தீன் ஜெபப்புத்தகங்களில் திங்கட்கிழமை 'இரண்டாம் நாள்' ஆயிற்று. போர்த்துக்கேயர் இன்றுவரை அப்படியே சொல்கின்றனர். மயிலாப்பூரில் சாந்தோம் பட்டணத்தை எழுப்பிய அவர்கள் லூனாவின் பெயரின்றியே வாரத்தை எண்ணியவர்கள்.

ஆனால் நிலாவையே திருச்சபை தள்ளிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. பாஸ்குத் திருநாளை நிர்ணயிப்பதே நிலாதான். மார்ச் 21-லோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு உயிர்ப்பு ஞாயிறு. துறவற மடங்களில் அன்றன்றைய வேதசாட்சிகளின் பெயர்ப்பட்டியலை வாசிக்கும் முன்பு, இன்று லூனாவுக்கு இத்தனையாம் நாள் என்று அறிவிக்கும் வழக்கம் இருந்தது. அர்ச். அம்புரோஸ் முதலிய பழைய மறைவல்லுநர்கள் திருச்சபையையே நிலாவுக்கு ஒப்பிட்டார்கள். நிலாவுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரியனிடம் வாங்கித் தருகிறது. 'நிலாவின் மறைபொருள்' என்று அதற்குப் பெயர். பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் 2001-ம் ஆண்டு நிருபத்தில் இதனை மீண்டும் எடுத்துரைத்தார். 1962-ம் ஆண்டு அக்டோபர் 11-ம் தேதி, வத்திக்கான் சங்கம் தொடங்கிய இரவில், பாப்பரசர் 23-ம் அருளப்பர் ஜன்னலில் நின்று, நிலாவும் இதைப் பார்க்க விரைந்து வந்துவிட்டது என்று விளையாட்டாகச் சொல்லி, வீட்டுக்குப் போய் உங்கள் குழந்தைகளைத் தடவிக் கொடுங்கள் என்று ஜனங்களை அனுப்பி வைத்தார். இன்றும் அதற்கு 'நிலாப் பிரசங்கம்' என்றே பெயர்.

இவ்வளவு நல்ல குலத்தில் பிறந்த சொல்லுக்கு என்ன கேடு வந்தது?

கிரேக்கர் காலத்திலேயே ஒரு நம்பிக்கை இருந்தது. காக்காய் வலிப்பும் சித்தக்கலக்கமும் நிலா வளர்வதையும் தேய்வதையும் ஒட்டி வருகின்றன என்று எண்ணினார்கள். அர்ச். மத்தேயு சுவிசேஷத்தின் 17-ம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனை அழைத்து வருகிறானே, அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'நிலாவால் பீடிக்கப்பட்டவன்' என்று பொருள்படும். அர்ச். ஜெரோம் லத்தீன் வேதாகமத்தில் அதனை 'லூனாட்டிக்குஸ்' என்று எழுதினார். பழைய தமிழ் வேதாகமம் 'சந்திரரோகி' என்றது. தீயிலும் தண்ணீரிலும் விழுந்துவிடும் அந்தப் பையனுக்கு வந்தது காக்காய் வலிப்பு என்பது வாசிக்கும் எவருக்கும் விளங்கும். 1995-ம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'வலிப்பு' என்றே போட்டுவிட்டார்கள். நல்ல காரியம். வைத்தியன் கேட்டால் புரிந்துகொள்ளும் சொல் அது.

அர்ச். ஜெரோமைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லூனாட்டிக்குஸ் என்று எழுதியவரும் அவரே. அந்த நம்பிக்கையை மறுத்தவரும் அவரே. மத்தேயு சுவிசேஷத்துக்கு அவர் எழுதிய விரிவுரையில், இவர்கள் உண்மையில் நிலாவால் நோயுற்றவர்கள் அல்லர் என்கிறார். பசாசானது நிலாவின் காலங்களைப் பார்த்திருந்து அவர்களை வருத்துகிறதாம். பழி படைப்பின் மேல் விழும், அது சிருஷ்டிகர்த்தாவின் மேல் ஏறும் என்பது பசாசின் எண்ணமாம். பசாசைப் பற்றிய பகுதியை இன்றைய வைத்தியர் ஒப்பார். ஆனால் நிலாவின் மேல் பழி போடுவது அதைப் படைத்தவர் மேல் போடும் பழி என்றாரே, அந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. நோய்க்குக் காரணம் தெரியாத இடத்தில் மனிதன் உடனே ஒரு குற்றவாளியைத் தேடுகிறான். வானத்தில் இருப்பதால் பதில் பேச முடியாத நிலா அகப்பட்டது.

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, கிறிஸ்துநாதருக்கு முன் 5-ம் நூற்றாண்டளவில், ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க வைத்திய நூல் ஒன்று, வலிப்பு நோய்க்கு மற்ற நோய்களைவிட அதிகமாய்த் தெய்வீகம் ஒன்றுமில்லை, அதற்குக் காரணம் மூளையிலே இருக்கிறது என்று எழுதிவிட்டது. யார் கேட்டார்கள்? ரசவாதிகளோ வெள்ளியை நிலாவின் உலோகமாக்கி, அதற்கு லூனா என்றே பெயரிட்டனர். தலைக்கு அதிபதி நிலா, ஆகவே தலைநோய்க்கு வெள்ளி மருந்து என்று கணக்குப் போட்டார்கள். 19-ம் நூற்றாண்டிலும் வலிப்புக்காரர்களுக்கு வெள்ளி உப்பைக் கொடுத்து வந்தார்கள். வலிப்பு நிற்கவில்லை, வெகுநாள் சாப்பிட்டவர்களின் தோல் நீலம் பாய்ந்து, ஆயுள் முழுவதும் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பெயரில் இருந்த பிழை மனிதனுடைய தோலில் ஏறிய கதை இது.

பௌர்ணமிக்கும் புத்தி மாறாட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று இக்காலத்தார் தேடாமல் இல்லை. அமெரிக்காவில் இருவர் 37 ஆய்வுகளை ஒன்றாய் நிறுத்துப் பார்த்து 1985-ல் முடிவைச் சொன்னார்கள்: பொருட்படுத்தத்தக்க சம்பந்தம் எதுவும் இல்லை. ஆயினும் பழங்காலத்தார் கண்டதெல்லாம் பொய் என்று அடித்துவிடவும் மனம் வரவில்லை. மின்விளக்கு இல்லாத நாளில் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் ஜனங்கள் வெகுநேரம் விழித்திருந்திருப்பார்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடும், மனநோயும் கிளம்பக்கூடும். அப்படியொரு வழியில் நிலாவுக்குச் சிறு பங்கு இருந்திருக்கலாம் என்று கருதும் வைத்தியர் உண்டு. அமாவாசை வந்தால் கூடிவிடும் என்று நம் பாட்டிமார் சொல்வதை இந்த நியாயமும் தாங்காது. அன்று இரவு இருட்டுத்தானே.

லத்தீன்காரன் நிலாவைக் குற்றஞ்சாட்டினான் என்றால் நாம் யாரைச் சாட்டினோம்? பித்தத்தை. பைத்தியம் என்னும் சொல் பித்தம் என்பதிலிருந்து வந்தது. உடம்பில் பித்தநீர் மிகுந்தால் சித்தம் கலங்கும் என்பது நம் வைத்திய சாஸ்திரம். கிரேக்கரும் மனச்சோர்வுக்குக் 'கரும்பித்தம்' என்றே பெயர் வைத்தார்கள். நிலாவைச் சாட்டுவதைவிடப் பித்தத்தைச் சாட்டுவது ஒருபடி மேல் என்பேன். நோய் உடம்பில் உள்ள காரியம், வைத்தியம் செய்யக்கூடியது என்றாவது அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. சிறுவர்கள் எதற்கெடுத்தாலும் வீசுகிற 'லூசு' என்பதற்கு அந்தக் கௌரவமும் இல்லை. அது லூனாவின் சிதைவு என்று எண்ணுவது தவறு. திருகாணி தளர்ந்துபோனதைச் சொல்லும் ஆங்கிலச் சொல் அது. மனிதனை யந்திரமாக்கிவிட்டுப் பேசுவது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு கேடும் உண்டு. நம் இலக்கணம் மனிதரை உயர்திணை என்கிறது. மற்றவற்றை அஃறிணை என்கிறது. தெருவில் கந்தையோடு ஒருவர் நடந்து வருகிறார். 'பைத்தியம் வருது, தள்ளி நில்' என்கிறோம். வருகிறார் இல்லை, வருகிறான்கூட இல்லை, வருது. நோயின் பெயரை மனிதருக்கு இட்ட மாத்திரத்தில் வினைச்சொல் அவரைத் திணை மாற்றிக் கீழே தள்ளிவிடுகிறது. லத்தீனின் லூனாட்டிக்குஸ் எவ்வளவு கொடிய சொல்லாயினும், ஆண்பாலாகவாவது நின்றது. குழந்தையையும் 'அது' என்கிறோமே என்பீர்கள். குழந்தையை அஃறிணையில் சொல்லுகிற வாய் அதை முத்தமிடுகிற வாய். இவரை அப்படிச் சொல்லுகிற வாய் விலகிப் போகிற வாய். இலக்கணம் ஒன்று, அதற்குள் இருக்கும் இருதயம் வேறு.

இவ்விடத்தில் ஒருவர் எழுந்து கேட்கலாம்: வேர்ப்பொருள் ஒளிதானே, ஒளியின் பெயரால் ஒருவனைக் கூப்பிட்டால் என்ன குற்றம்? இந்த நியாயம் நிற்காது. சொல்லின் பிறப்பு வேறு, வாழ்வு வேறு. 'லூசிபர்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒளியைத் தாங்கி வருவோன் என்று பொருள். லத்தீனில் விடிவெள்ளியின் பெயர். பாஸ்குப் பெருவிழிப்பு இரவில் பாடப்படும் லத்தீன் புகழுரையில் அச்சொல் கிறிஸ்துநாதரையே குறிக்கிறது. 4-ம் நூற்றாண்டில் அந்தப் பெயர் தாங்கிய ஆயர் ஒருவரும் இருந்தார். என்றாலும் இன்று நம்மில் எவரும் பிள்ளைக்கு லூசிபர் என்று ஞானஸ்நானப் பெயர் கொடுக்க மாட்டோம். வேர் என்னவென்று பார்த்துத் தேறுதல் அடைய, வசை கேட்டவன் அகராதியோடு நடமாடவில்லை.

சொல்லும் நிலாவைப்போலத்தான், தனக்கென ஒளியோ இருளோ இல்லாதது, சொல்பவரின் மனத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறது என்று இத்துடன் முடித்துவிட ஆசை. அது பாதி உண்மையே. சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்ட சொல்லுக்குக் கையும் காலும் முளைத்துவிடுகின்றன. சொல்பவரின் மனம் நல்லதாயிருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். இந்தியாவில் 1912-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பெயரே 'லூனசி' சட்டம். பித்துப் பிடித்தவர், அறிவு வளராதவர், எல்லாரும் அதில் லூனடிக் என்ற ஒரே பெயருக்குள் அடங்கினார்கள். 1987-ம் ஆண்டு புதிய மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, அது 1993-ல் அமலுக்கு வரும்வரை அந்தப் பெயரே நீடித்தது. 2017-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி போய், 'மனநோய் உடைய நபர்' என்கிறது. நபர் முதலில், நோய் அவரிடம் இருக்கும் ஒன்று. அமெரிக்கர்கள் தங்கள் மத்திய சட்டங்களிலிருந்து லூனடிக் என்னும் சொல்லை எடுத்தது 2012-ல்தான். நமக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களுக்கு உரிய 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், எந்த விவாகம் செல்லாது என்று சொல்லும் பிரிவில், இந்த லூனடிக் இருக்கிறான். 2001-ல் அச்சட்டத்துக்குப் பெரிய திருத்தம் வந்தபோதும் அவனை எவரும் வெளியே அழைத்து வரவில்லை.

பெயரை மாற்றினால் போதுமா? போதாது என்பதற்குச் சென்னையே சாட்சி. நம் பட்டணத்தில் 1794-லேயே மனநோயாளருக்கு விடுதி ஏற்பட்டது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. முதலில் அதன் பெயர் லூனடிக் அசைலம். பிறகு மனநோய் மருத்துவமனை. இன்று மனநலக் காப்பகம். அசைலம் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு, யாரும் தீண்ட முடியாத அடைக்கலம் என்று பொருள். அதைவிட நல்ல பெயர் கிடைக்குமா? அதுவும் கெட்டது. கடைசியில் என்ன ஆயிற்று? கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. 'கீழ்ப்பாக்கத்தில் சேர்க்க வேண்டியதுதான்' என்று சிரிக்கிறோம். குற்றமே செய்யாத ஒரு ஊர்! எத்தனை பெயர் மாற்றினாலும் அச்சம் அடுத்த பெயரிலும் குடியேறிவிடுகிறது.

அப்படியானால் அச்சம் ஒரு பெயரை விட்டு நீங்கியதே இல்லையா? நீங்கியிருக்கிறது. அதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டாம். கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையம் எது? தாம்பரம் சானடோரியம். தினமும் பல்லாயிரம் பேர் அந்தப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகிறார்கள். அது லத்தீன் என்று நினைப்பார் இல்லை. 'சானாரெ' என்றால் குணப்படுத்துதல்; 'சானுஸ்' என்றால் சுகமுள்ளவன், புத்தி தெளிந்தவன். ஆங்கிலத்தில் பைத்தியத்துக்குச் சொல்லும் 'இன்சேன்' இதே சானுஸின் எதிர்ச்சொல். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளருக்கு இந்தச் சானடோரியத்தை நிறுவினார். 1937-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. காசநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலத்தில் சானடோரியம் என்றால் பிரிவு என்று அர்த்தம். நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். இன்றோ அதே பெயரைச் சொல்லி வீட்டு மனை விற்கிறார்கள். பித்தத்தைப் பற்றிப் படிக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் 2005 முதல் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெயரின் மேலிருந்த அச்சம் எப்படி நீங்கிற்று? பெயரை மாற்றியதால் அல்ல, மருந்து வந்தது. மருந்தோடு இன்னொன்றும் வந்தது. அதுதான் நம் கேள்விக்கு முக்கியம். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியாரை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிற்று: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள், அவர்களோடு இருந்ததால் வீட்டாருக்கு ஆபத்து அதிகரிக்கவில்லை. ஆக, நோயாளி தன் பாயில், தன் ஜனங்களோடு இருந்துகொண்டே குணமடைந்தார். அச்சம் அங்கேதான் உடைந்தது. பெயர் தானாகச் சுத்தமாயிற்று.

மனநோயிலும் வலிப்பிலும் இது நடக்க வேண்டியிருக்கிறது. பாதி நடந்தும் இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் அம்மையார், கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் கண்காணிப்பாளராய் இருந்தவர், 1984-ல் சென்னையில் மனச்சிதைவு நோயாளருக்கென ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தை ஆரம்பித்தார். சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பிப் போவது எப்படி என்பதே அவர்கள் கவலை. மறுபாதியைச் சொல்ல வேண்டுமானால் ஏர்வாடி. 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ம் தேதி, ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய விடுதிகளில் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். சுவிசேஷத்தின் தகப்பன், என் மகன் அடிக்கடி தீயில் விழுகிறான் என்றான். இங்கே விழவில்லை, கட்டிப் போட்டிருந்தார்கள். இதைச் சொல்லிவிட்டுப் பிற மதத்தாரைச் சுட்டி விரல் நீட்ட நமக்கு உரிமை கிடையாது. புதுமை நாடி ஜனங்கள் கூடும் நம் திருத்தலங்களிலும் சங்கிலி ஒலித்ததுண்டு. எந்த வகையிலும், எந்த வடிவிலும் சங்கிலியிடுவது 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 95-ம் பிரிவின்படி குற்றம்.

சேசுநாதர் அந்தப் பையனைப் பார்த்து லூனாட்டிக்குஸ் என்று சொல்லவில்லை, சொன்னவன் தகப்பன். அவர் என்ன கேட்டார் என்பதை அர்ச். மாற்கு 9-ம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார்: இது இவனுக்கு எவ்வளவு காலமாக இருக்கிறது? நல்ல வைத்தியன் கேட்கும் முதற்கேள்வி இது. நிலாவைப் பற்றியும் கேட்கவில்லை, குலத்தைப் பற்றியும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை நாம் எங்கே கேட்கிறோம்? பெண் பார்க்கப் போகும்போது, அதுவும் தரகரிடம், தாழ்ந்த குரலில். வலிப்பு உள்ள பெண்பிள்ளை என்றால் மாத்திரையை மறைத்து வைத்துக் கலியாணத்தை முடித்துவிடுகிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரை நின்றுபோகிறது; முதல் மாதத்திலேயே அடுப்படியில் விழுகிறாள். ஏமாற்றினார்கள் என்று அவர்கள் கத்த, விதி என்று இவர்கள் அழ, பெண் தாய்வீடு திரும்புகிறாள். வலிப்பு நோயை விவாகத்துக்குத் தடையாகக் கூறிய வாசகத்தை இந்து விவாகச் சட்டத்திலிருந்தும் தனி விவாகச் சட்டத்திலிருந்தும் 1999-ல் பார்லிமெண்டு நீக்கிவிட்டது. சட்டம் விட்டுவிட்டதை நாம் விடவில்லை. மறைக்கிற வீட்டாரை மட்டும் குறை சொல்வது எனக்குச் சம்மதமில்லை. சொன்னால் எழுந்து போய்விடுகிற வீட்டார்தான் அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிறார்கள். தொடர்ந்து மருந்து சாப்பிட்டால் வலிப்புக்காரர்களில் பெரும்பாலோர் வலிப்பின்றி வாழலாம் என்பது தெரிந்த பிறகும் எழுந்து போகிறவருக்கு என்ன பெயர் இடுவது?

காரியமாக இரண்டு வார்த்தை. மனக்கலக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத பயம் வீட்டில் யாருக்கேனும் கண்டால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலிமானஸ் என்னும் தொலைபேசிச் சேவை உண்டு, எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். வலிப்பு கண்டு ஒருவர் விழுந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். இரும்பு நோயை இழுக்காது. வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்கக்கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். சுற்றியுள்ள சாமான்களை அகற்றிவிட்டு, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, இழுப்பு தணிந்ததும் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். தெளியும்வரை ஒருவர் பக்கத்திலேயே, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தொடங்கும்போதே கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழையுங்கள்.